பத்து ராகம், ஒரு டிஸ்கோ தாளம்: குடுமியான்மலையில் இருந்து மான்செஸ்டர் வரை

புதுக்கோட்டையில் இருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னால், குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு கல்வெட்டு. நிலதானமோ போர் வெற்றியோ அதில் இல்லை. பாறை முழுக்க ச, ரி, க, ம என்று சுரங்கள்! பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகள், ஏழு பிரிவுகள், ஏழு பழைய ராகங்கள். 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள்.

அதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு நான்கு சுரங்களாக 16 தொகுதிகள். ஆக, வரிக்கு 64 சுரம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது ஒரே தாவாக 1988ம் வருட இங்கிலாந்துக்குப் போவோம்.

கொட்டகைகளில் ஒரு புரட்சி

அந்த வருடக் கோடையை 'இரண்டாவது காதல் கோடை' என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் அழைத்தன. லண்டனில் 'ஷூம்', மான்செஸ்டரில் 'ஹசியெண்டா' போன்ற கிளப்புகளில் இளைஞர்கள் விடிய விடிய ஆடினார்கள். பின்னர் அந்த ஆட்டம் கைவிடப்பட்ட கிடங்குகளுக்கும் வயல்வெளிகளுக்கும் பரவியது. அதுதான் ரேவ். அங்கே ஒலித்த இசைக்குப் பெயர் ஆசிட் ஹவுஸ். அதே 1988ல் மான்செஸ்டரின் '808 ஸ்டேட்' குழு 'நியூபில்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பிரிட்டிஷ் ஆசிட் ஹவுஸில் முதன்மையான ஆல்பங்களில் ஒன்று அது. குழுவின் பெயரில் இருக்கும் 808, ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி செய்த டி.ஆர்.808 என்ற தாள மெஷினைக் குறிக்கும்.

ஆனால் ஆசிட் ஹவுஸுக்கு உயிர் கொடுத்தது அதே கம்பெனியின் இன்னொரு மெஷின். டி.பி.303.

தோற்றுப்போன சரக்கின் கதை

டி.பி.303 எண்பதுகளின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. தனியாக கிடார் பயிற்சி செய்பவருக்கு பேஸ் கிடார் துணை இல்லாத குறையைத் தீர்ப்பதுதான் நோக்கம். கைக்கு அடக்கமான வெள்ளிநிறப் பெட்டி. 16 கட்டங்களில் சுரங்களைப் பதிந்துவிட்டால் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஆனால் பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை! பதிவு செய்யும் முறையும் தலைவலி. சுமார் பத்தாயிரம் பெட்டிகளோடு 1984ல் கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டது.

விற்காத சரக்கு என்ன ஆகும்? பழைய பொருள் கடைக்குப் போகும், விலை சரியும், கையில் காசில்லாதவர்கள் வாங்குவார்கள். அதுதான் நடந்தது. அமெரிக்காவின் சிகாகோவில் 'ஃப்யூச்சர்' என்ற கறுப்பின இளைஞர் குழுவுக்கு ஒரு 303 கிடைத்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். ஒலி நெளிந்தது, கீச்சிட்டது, முனகியது. 1987ல் வெளியான அவர்களின் 'ஆசிட் ட்ராக்ஸ்' அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்தை ஆட்டி வைத்தது.

வரலாறு இங்கே தொடங்குகிறது என்றுதான் எல்லோரும் எழுதி வந்தார்கள். 2010 வரைக்கும்!

பம்பாயில் இரண்டே நாள்

சரண்ஜித் சிங் என்பவர் பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். கிடார், பேஸ் கிடார், கீபோர்டு என்று பல கருவிகள். ஆர்.டி.பர்மன் போன்றவர்களின் பாடல்களில் வாசித்திருக்கிறார். படப்பாடல்களில் இசையமைப்பாளர் பெயர் வரும், பாடகர் பெயர் வரும். பின்னால் உட்கார்ந்து வாசிப்பவர் பெயர் வராது. அப்படி ஒரு ஆள்.

புது எலக்ட்ரானிக் கருவி எங்கே வந்தாலும் வாங்கிவிடும் பழக்கம் அவருக்கு. சிங்கப்பூரில் ஒரு டி.பி.303 வாங்கினார். கூடவே ஒரு 808, ரோலண்டின் ஜூபிடர்‑8 சிந்தசைசர். அது டிஸ்கோ காலம். 1980ல் 'குர்பானி' படத்தில் நாஸியா ஹசன் பாடிய பாட்டு நாட்டையே ஆட்டியிருந்தது. 1982ல் 'டிஸ்கோ டான்சர்' வந்தது. அதே 1982ல் சரண்ஜித், இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தால் என்ன என்று யோசித்து, எச்.எம்.வி. ஸ்டுடியோவில் இரண்டே நாளில் ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்தார். பெயர்: 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'.

பத்து ராகம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. நம்மூர்க் காதுக்குச் சொல்வதானால் பூபாலி என்பது மோகனம், மால்கௌன்ஸ் என்பது ஹிந்தோளம், பைராகி நமது ரேவதி. கல்யாணியை அறிந்தவருக்கு யமன் அந்நியமாக இருக்காது.

இப்போது கேட்டால் 'இது 1988ம் வருட மான்செஸ்டர்' என்றே தோன்றும். 808 ஒரே சீராக இடிக்கிறது. அடியில் 303 நெளிந்துகொண்டே ஓடுகிறது. மேலே ஜூபிடரில் ராகம் விரிகிறது.

இது எப்படிப் பொருந்தியது? காரணம் ராகத்திலேயே இருக்கிறது. மேற்கத்தியப் பாட்டில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். ராகத்துக்கு அது தேவையில்லை. ஒரு ஆதார சுருதி, குறிப்பிட்ட சுரங்கள், அவற்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளர்வது. ஆசிட் ஹவுஸும் அப்படித்தான், ஒரே சுரக்கோவை திரும்பத் திரும்ப வரும், மாற்றம் எல்லாம் ஒலியின் நிறத்தில்தான். இன்னொன்று, 303ல் ஒரு சுரத்தில் இருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. இந்துஸ்தானிக்காரர்கள் மீண்ட் என்றும், நம்மவர்கள் ஜாரு என்றும் சொல்வது ஏறக்குறைய அதுதான்.

ஆல்பம் விற்கவில்லை. டிஸ்கோ ரசிகருக்கு இது ராகம். ராக ரசிகருக்கு இது டிஸ்கோ. சரண்ஜித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல்வர் யார்?

2002ல் எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் டெல்லியில் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் இந்தத் தட்டைக் கண்டெடுத்தார். வருடத்தைப் பார்த்து அசந்துபோனார். 2010ல் அவரது 'பாம்பே கனெக்‌ஷன்' லேபிள் அதை மறுபடி வெளியிட்டது. சிலர் நம்பவே இல்லை. இங்கிலாந்தின் ஏபெக்ஸ் ட்வின் செய்த குறும்பு என்றுகூட வதந்தி கிளம்பியது! எழுபது வயதில் சரண்ஜித்தைத் தேடி ஐரோப்பிய மேடைகள் வந்தன. 2015 ஜூலையில் காலமானார்.

உடனே நம் ஆட்கள் 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது இந்தியன்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். சிகாகோ இளைஞர்கள் அவர் பெயரையே கேட்டிருக்க வாய்ப்பில்லை. விற்காத தட்டு எப்படி அமெரிக்காவுக்குப் போகும்? சரண்ஜித் அவர்களுக்கு முன்னால் வந்தவர், ஆனால் முன்னோர் அல்லர். அவரை 'முதல்வர்' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டால் இன்னொரு அநியாயம் நடக்கிறது. இரண்டு நாளில் பத்து ராகங்களை ஒரு முரட்டு மெஷினுக்குள் இறக்கிய அவரது கைவேலையை யாரும் பேசாமல், வருடத்தை மட்டும் பேசுகிறார்கள். 1987க்குப் பிறகு வந்திருந்தாலும் அது நல்ல ஆல்பம்தான்.

இங்கிலாந்தில் ரேவ் வேறு வழியில் முடிந்தது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் என்ற இடத்தில் பல ஆயிரம் பேர் ஒரு வாரம் கூடி ஆட, அரசு கொதித்தது. 1994ல் வந்த சட்டம் இரவு நேரத் திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்தது. அதில் 'இசை' என்பதற்கான விளக்கத்திலேயே, திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைக் குறிப்பிட்டார்கள். தாளத்தைச் சட்டத்தில் எழுதி அடக்கப் பார்த்த அரசு அது!

மறுபடி பாறைக்கு

303ல் ஒரு கோவைக்கு 16 கட்டங்கள். அப்படி நான்கு கோவைகளை அடுக்கினால் 64. குடுமியான்மலைப் பாறையில் ஒரு வரிக்கும் அதே 64. இந்த ஒற்றுமை தற்செயல்தான், பல்லவர் காலத்தில் சீக்வென்சர் இருந்தது என்று யாரும் ஃபார்வர்டு மெயில் அனுப்பிவிட வேண்டாம் :-) நான்கு நான்காக எண்ணுவது மனிதருக்கு இயல்பு, அவ்வளவே.

நினைத்துப் பார்க்க வேண்டியது வேறு. 303ன் நினைவு பேட்டரியை நம்பி இருப்பது. பேட்டரி தீர்ந்தால் பதிந்த சுரங்கள் போச்சு. சரண்ஜித்தின் இசை பிழைத்தது மெஷினால் அல்ல, யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒரு தட்டால். குடுமியான்மலையில் நேர் எதிர். சுரங்கள் 1300 வருடமாக அப்படியே இருக்கின்றன, ஒலிதான் இல்லை. ச, சி, சு, செ என்று ஒரே சுரம் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதற்கு அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் தருகிறார்கள். பொறித்தவன் ருத்ராசாரியாரின் சீடனான ஒரு அரசன் என்றும், மாணவர் நலனுக்காக என்றும் கல்வெட்டு சொல்கிறது. மகேந்திரவர்மன் என்று ஊர் சொல்லும், அந்தப் பெயர் அதில் இல்லை. இங்கேயும் வாசித்தவன் பெயர் காணோம்!

கல்வெட்டு சிவ வணக்கத்தோடு தொடங்குகிறது. சரண்ஜித்தின் முதல் ராகமான பைரவியிலும் மெஷின் குரல் ஒன்று சிவன் பெயரைச் சொல்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் போனால் அந்தப் பாறை முன்னால் நின்று, ஹெட்போனில் பைரவியை ஓடவிட்டுப் பாருங்கள்.