சதுக்கத்திலிருந்து விலக்கப்பட்ட மருத்துவர்

லண்டன் கென்சிங்டன் பூங்காவில், இத்தாலியத் தோட்டத்து நீரூற்றுகளுக்கு அருகே, எட்வர்ட் ஜென்னர் வெண்கலச் சிலையாக அமர்ந்திருக்கிறார். பெரியம்மைக்குத் தடுப்பூசி தந்தவருக்கு முதலில் கிடைத்த இடம் இதுவல்ல. வில்லியம் கால்டர் மார்ஷல் வடித்த அச்சிலை 1858-இல் இளவரசர் ஆல்பர்ட் முன்னிலையில் டிரஃபால்கர் சதுக்கத்தில் திறக்கப்பட்டது. படைத்தலைவர்களுக்கு உரிய இடத்தில் மருத்துவருக்கு என்ன வேலை என்று நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கேட்டார்கள். 1853-இல் சட்டம் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியதால் கிளம்பியிருந்த எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது. 1861 டிசம்பரில் ஆல்பர்ட் இறந்தார். அடுத்த ஆண்டே சிலை இடம் மாறியது. சிந்துவைப் போரிட்டுப் பிடித்த நேப்பியரும், 1857 எழுச்சியை ஒடுக்கப் படை நடத்திய ஹாவ்லக்கும் இன்றும் சதுக்கத்தில் நிற்கிறார்கள். உயிர் காத்தவரைவிட நாடு பிடித்தவரே நகரின் நடுவில் நிற்கத் தகுந்தவர் என்று அன்று எடுத்த முடிவு அநியாயமானது. அது இன்னும் திருத்தப்படவில்லை.

ஜென்னருக்கு அந்தப் பெருமை தகாது என்போரும் உண்டு. பால் கறக்கிறவர்களுக்கு மாட்டம்மை வந்துபோனால் பெரியம்மை அண்டாது என்பது நாட்டுப்புறத்தார் அறிந்ததே. பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி 1774-லேயே தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் மாட்டம்மையைக் குத்தியிருக்கிறார். உண்மைதான். ஆனால் ஜெஸ்டி தம் குடும்பத்தைக் காத்தார். ஜென்னர் அந்த அறிவைச் சோதித்து, 1798-இல் நூலாக வெளியிட்டு, கேட்டவர்க்கெல்லாம் மருந்தை அனுப்பினார். பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைக்குக் கை மாறி அது 1802 ஜூனில் பம்பாயை எட்டியது. அதே ஆண்டு சென்னைக்கும் வந்தது. காப்புரிமை கேட்டு அவர் அதைப் பூட்டிவைத்திருந்தால் இந்த வேகம் ஏது?

1796 மே 14 அன்று ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்கு மாட்டம்மையைக் குத்தி, பிறகு அவன்மீதே பெரியம்மைச் சீழைச் சோதித்தது இன்னும் கனமான குற்றச்சாட்டு. பெரியம்மையையே லேசாக ஏற்றிவிடும் வழக்கம் அந்நாளில் பரவலாக இருந்தது. ஜென்னரும் சிறுவயதில் அதற்கு ஆளானவர். ஆயினும் பிப்ஸுக்கு நாம் கடன்பட்டவர்களே. அதற்காகச் சிலையை ஒதுக்க வேண்டியதில்லை. சிறுவனின் பெயரையும் சேர்த்துப் பொறித்தால் போதும்.

பூங்காவின் அமைதிதான் மருத்துவருக்குப் பொருத்தம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யாரை மதிக்கிறோம் என்று ஒரு நகரம் உரக்கச் சொல்வது சதுக்கத்தில்தான். 1980-இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. மனிதகுலம் அடியோடு ஒழித்த மனித நோய் அது ஒன்றே. டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காவது பீடத்துக்கு இன்றுவரை நிரந்தரச் சிலை இல்லை. ஜென்னரை அங்கே அமர்த்த வேண்டும். கீழே பிப்ஸ், ஜெஸ்டி ஆகியோரின் பெயர்களும் இருக்க வேண்டும்.