குற்றம் கம்பியிலா, காற்றிலா?
பெல்லட் அடுப்பின் பற்றவைப்பிப் பழுது குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வட அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்க மாற்று வழி தேடினார்கள். மரத்தூளை இறுக்கிச் செய்த குருணைகளைத் தானாகவே ஊட்டி எரிக்கும் வீட்டு அடுப்பை, வாஷிங்டன் மாநிலத்து விமானவியல் பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்டு 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதுதான் பெல்லட் அடுப்பு. இன்று அமெரிக்கா, கனடா, இத்தாலி வீடுகளில் அது பரவலாக இருக்கிறது. முதலில் வந்த அடுப்புகளைக் கையால்தான் பற்றவைத்தார்கள். பிறகு அந்த வேலை ‘இக்னைட்டர்’ என்னும் மின் பற்றவைப்பியிடம் போனது.

குளிர்காலக் காலையில் அடுப்பு பற்றாவிட்டால் முதல் பழி விழுவது இந்தப் பற்றவைப்பியின் மேல்தான். புதிதாக ஒன்று வாங்கி மாட்டுகிறார்கள். சில நேரம் அதனாலும் பயனில்லை. சில நேரம் அதுவும் விரைவில் கருகிப்போகிறது. பற்றவைப்பியைத் தனியே சோதித்தால் போதாது, அதன்மேல் ஓடும் காற்றையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. அமைப்பும் செயலும்

நம் வீடுகளில் வாளித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியை அறிந்தவருக்குப் பற்றவைப்பி புதிதல்ல. உள்ளே நிக்கல்-குரோமியச் சுருள். அதைச் சுற்றி மின்காப்பாக மெக்னீசியம் ஆக்சைடு பொடி. வெளியே எஃகு உறை. விரல் பருமனுள்ள இந்தக் கம்பி, குருணை எரியும் எரிகலத்தின் பின்னால் ஒரு குழாய்க்குள் செருகப்பட்டிருக்கும். சில அடுப்புகளில் பீங்கான் வகை உண்டு. அது இன்னும் விரைவாகச் சூடேறும்.

பெரும்பாலான அடுப்புகளில் கம்பி குருணையைத் தொடுவதில்லை. புகையை வெளியே இழுக்கும் விசிறி அடுப்புக்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் வெளிக்காற்று குழாய் வழியே நுழைந்து, கம்பியை உரசிச் சூடேறி, சிறு துளை வழியாகக் குருணைமேல் பாய்கிறது. சில நிமிடங்களில் குருணை புகைந்து, கருகி, சுடர் பிடிக்கிறது. ஆக, பற்றவைப்பது கம்பியால் சூடேறிய காற்று.

3. எரிகலத்தின் சாட்சியம்

கருவியை எடுக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டும். பற்றாமல் நின்ற அடுப்பை நன்றாக ஆறவிட்டு, கதவைத் திறந்து எரிகலத்தைப் பார்த்தால் நான்கு நிலைகளில் ஒன்று தெரியும்.

3.1 கலம் காலி: குருணை வந்து சேரவில்லை. குற்றம் ஊட்டும் திருகிலோ அதன் மோட்டாரிலோ இருக்கலாம்.

3.2 குருணை போட்டபடியே வெளிர்நிறத்தில் பளபளக்கிறது: வெப்பம் எட்டவே இல்லை. ஐயம் பற்றவைப்பி மீதும் அதற்கு மின்சாரம் தரும் வழி மீதும் விழ வேண்டும்.

3.3 துளைக்கு எதிரே உள்ள சில குருணைகள் மட்டும் கரியாகியிருக்க, மற்றவை அப்படியே கிடக்கின்றன: கம்பி வேலை செய்திருக்கிறது; காற்று போதவில்லை, அல்லது குருணை சரியில்லை. சாம்பலடைத்த துளைகள், கலத்தடியில் கல்லாய் இறுகிய கசடு, சரியாக உட்காராத கலம், நைந்த கதவு நாடா, ஈரம் குடித்த குருணை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3.4 சுடர் பிடித்த பின் அணைந்திருக்கிறது: பற்றவைப்பி தன் கடமையை முடித்துவிட்டது. தீ வந்ததைக் கட்டுப்பாட்டுப் பலகைக்குச் சொல்லும் வெப்ப உணரியைப் பார்க்க வேண்டும்.

4. மின்சோதனை

பெரும்பாலும் இரண்டாம் நிலை (3.2) தெரிந்தால்தான் மல்டிமீட்டர் தேவைப்படும். அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பற்றவைப்பியின் இரு ஒயர்களையும் கழற்றி, அவற்றிடையே மின்தடையை அளக்க வேண்டும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் எதிர்பார்க்க வேண்டிய அளவு கிடைக்கும். 120 வோல்ட், 300 வாட் கம்பிக்கு 48 ஓம். ஐரோப்பாவின் 230 வோல்ட்டில் அதே 300 வாட்டுக்குச் சுமார் 176 ஓம். குளிர்ந்த நிலையில் சற்றுக் குறைவாகக் காட்டலாம். மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

அடுத்து, ஒவ்வொரு ஒயருக்கும் எஃகு உறைக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே தொடர்பு இருந்தால் காப்புப் பொடி கெட்டு மின்சாரம் உறையில் கசிகிறது. இந்தக் கசிவு ஃபியூஸையே எரித்து அடுப்பு முழுவதையும் முடக்கக்கூடும். திரைகூட ஒளிராத அடுப்பைப் பார்த்து யாரும் பற்றவைப்பியைச் சந்தேகிப்பதில்லை; உண்மையில் அதுவே காரணமாக இருக்கலாம்.

அளவு சரியாக இருந்தால் பழுது பெரும்பாலும் மின்வழியில்தான்: கருகிய இணைப்பு முனை, பலகையிலுள்ள ரிலே. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? தொடக்கச் சுற்றில் ஒயர் முனைகளுக்கு மின்னழுத்தம் வருகிறதா என்று பார்த்தால் இது உறுதியாகும். இந்தச் சோதனையை மின்சாரம் ஓடும்போது செய்வதால், பழகிய எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. மின்னழுத்தம் வந்தால் மட்டும் போதாது; அது 10 விழுக்காடு குறைந்தாலே வெப்பத் திறன் 19 விழுக்காடு குறையும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் அடுப்பை மாட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

5. பழுதின் மூலம்

ஒவ்வொரு முறையும் கொதித்து ஆறும் சுருள் என்றேனும் அறுந்தே தீரும். அந்த நாளை முன்தள்ளுவது பெரும்பாலும் சாம்பல். கம்பியின் வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்றே அதைக் குளிரவும் வைக்கிறது. குழாயில் சாம்பல் அடைத்தால் வெப்பம் கம்பியிலேயே தேங்கும். சுருள் அளவுக்கு மீறிக் கொதித்து அறுந்துவிடும். குழாயைத் தூய்மை செய்யாமல் புதிய கம்பியை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

6. பாதுகாப்பும் முடிவும்

பற்றாத குருணையின் மேல் மீண்டும் ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்துவது ஆபத்து. குவிந்த குருணை புகைந்து, அந்தப் புகைவாயு ஒரே கணத்தில் தீப்பிடித்தால் கதவுக் கண்ணாடியே தெறிக்கலாம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் கலத்தைக் காலிசெய்ய வேண்டும். தற்காலிகமாகக் கையால் பற்றவைக்க அடுப்பின் கையேடு அனுமதித்தால், குளிர்ந்த கலத்தில் மட்டுமே அதற்கான ஜெல்லை இடலாம். கனல் இருக்கும்போது ஜெல்லும், எப்போதுமே பெட்ரோலும் கூடாது.

பொத்தானை அழுத்தியதிலிருந்து சுடர் தோன்றும்வரை எத்தனை நிமிடம் என்று வாரம் ஒருமுறை குறித்துவைத்தால் நோய் முன்னதாகவே தெரியும். 5 நிமிடம் 7 ஆகி, 9 ஆகிறது என்றால் கடைக்குப் போகும் முன் தூரிகையை எடுக்க வேண்டும். சாம்பலைத் தட்டிய பின் கணக்கு 5-க்குத் திரும்பினால் குற்றம் காற்றில் இருந்தது. திரும்பாவிட்டால் கம்பியை அளக்கும் வேளை வந்துவிட்டது.