இரங்கற்குறிப்பா, விடுதலைப் பத்திரமா? பெருமாள்முருகனின் 2015 முகநூல் அறிவிப்பு குறித்து

2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தம் முகநூல் பக்கத்தில் வெளியிட்ட அறிவிப்பு, இதுவரையான ஆய்வுகளில் பெரும்பாலும் ஓர் இரங்கற்குறிப்பாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. கருத்துரிமை வழியில் அணுகியோர் அதைச் சாதியும் நிர்வாகமும் சேர்ந்து ஓர் எழுத்தாளரை மாய்த்ததற்கான சாட்சியமாகக் கொண்டனர். இலக்கியக் கோட்பாட்டு வழியில் அணுகியோர், ஆசிரியரின் மரணம் பற்றி ரோலான் பார்த் முன்வைத்த கருத்து கொங்கு மண்ணில் கொடூரமாக மெய்ப்பட்டதற்கு அதை எடுத்துக்காட்டாக்கினர். இரண்டு வாசிப்புகளும் எழுத்தாளர் இறந்துவிட்டார் என்னும் தொடக்க வாக்கியங்களிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றுக்குப் பின் வரும் நடைமுறை ஏற்பாடுகள் துயரத்தின் நீட்சியாகக் கருதப்பட்டு ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன. அந்த ஏற்பாடுகளே அறிவிப்பின் உடல் என்பதும், அவை எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே எல்லை வகுக்க முயன்ற அரிய தமிழ் ஆவணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிரான கிளர்ச்சி 2014 டிசம்பரில் மூண்டு, திருச்செங்கோட்டில் பிரதிகள் எரிக்கப்பட்டு, கடையடைப்பு வரை சென்றபின், 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கப்பட்டது. முகநூல் அறிவிப்பு அதையடுத்து வந்தது. கடிதத்தையும் அறிவிப்பையும் ஒரே சரணாகதியின் இரு படிகளாகக் காணும் வழக்கம் ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. கடிதத்தின் சொற்கள் பிறரால் பேரம் பேசித் திருத்தப்பட்டவை. அது எழுதப்பட்ட அறையில் வாசகருக்கு இடமில்லை. அறிவிப்போ எழுத்தாளரின் சொந்தப் பக்கத்தில், அவர் தேர்ந்த சொற்களில், பொதுவெளியை நோக்கி எழுதப்பட்டது. நிர்ப்பந்தத்தின் நிழல் இரண்டின் மீதும் விழுந்தது என்பது உண்மையே. ஆயினும் நிர்ப்பந்தத்தில் எழுதிக்கொடுத்ததும், நிர்ப்பந்தத்துக்கு மறுமொழியாக எழுதியதும் ஒன்றல்ல.

அறிவிப்பின் அமைப்பு கவனத்துக்குரியது. அது தன்மையில் எழுதப்படாமல், இறந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் சார்பில் பெ. முருகன் என்பவர் பேசுவதாக அமைந்துள்ளது. எழுத்தாளர் மீண்டு வரமாட்டார் என்றும், ஆசிரியப் பணி செய்யும் முருகன் மட்டுமே இனி இருப்பார் என்றும், அவரை விட்டுவிட வேண்டும் என்றும் அது கூறுகிறது. இப்பிளவை உளவியல் முறிவாகக் கொள்வது எளிது. ஆனால் பெருமாள் என்பது தந்தையின் பெயர். அதை முதலெழுத்தாக்கிப் ‘பெ. முருகன்’ என்று எழுதுவது தமிழ்நாட்டின் பள்ளிப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் அறிந்த வடிவம். ஆகவே இங்கே புதிய முகமூடி எதுவும் அணியப்படவில்லை. நூலட்டையில் நின்ற பெயர் ஒருபுறமும், கல்லூரிக்குச் செல்லும், குடும்பத்தோடு வாழும், தொலைபேசி மிரட்டல்களைக் கேட்க நேரும் உடல் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டு, வாசகர் உறவு முந்தையதோடு மட்டுமே இருந்தது என்று அறிவிக்கப்படுகிறது.

இதைத் தொடரும் ஏற்பாடுகள் வியக்கத்தக்க துல்லியம் உடையவை. தாம் எழுதிய நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை அனைத்தையும் திரும்பப் பெறும் அறிவிப்பு, தாம் தொகுத்தும் பதிப்பித்தும் வெளியிட்டவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. மனமுடைந்து எல்லாவற்றையும் உதறுகிற ஒருவர் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருப்பது அரிது. பதிப்பகங்கள் நூல்களை விற்க வேண்டாம் என்றும், அதனால் நேரும் இழப்பு ஈடுசெய்யப்படும் என்றும் கூறப்படுகிறது. இலக்கிய நிகழ்ச்சிகளுக்கு அழைக்க வேண்டாம் என்று அமைப்பாளர்களும், நூல்கள் திரும்பப் பெறப்பட்டமையால் இனிப் போராட வேண்டாம் என்று சாதி, மத, கட்சி அமைப்புகளும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். ஒவ்வொரு தரப்பும் தனித்தனியாக விளிக்கப்பட்டு, ஒவ்வொன்றோடும் உள்ள கணக்கு தனித்தனியாகத் தீர்க்கப்படுகிறது. பத்திரப்பதிவு வழக்கில் இதற்கு நெருங்கிய வடிவம் உண்டு: பொதுச் சொத்தில் பங்குள்ள ஒருவர் தம் பாத்தியதையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து எழுதித்தரும் விடுதலைப் பத்திரம். அதில் எழுதுபவர் இறப்பதில்லை. குறிப்பிட்ட உறவிலிருந்து நீங்குகிறார்.

இவற்றுள் வாசகர் பற்றிய பகுதியே மிகவும் தவறாக வாசிக்கப்பட்டது. நூல்களை வாங்கியவர்கள் அவற்றை எரித்துவிடலாம் என்றும், வாங்கியதால் இழப்பு நேர்ந்ததாகக் கருதுவோர் அணுகினால் தொகை தரப்படும் என்றும் அது சொல்கிறது. இது தன்வதையின் உச்சமாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. ஆனால் திருச்செங்கோட்டில் எரிப்பு எவ்வாறு நடந்தது என்பதை உடன்வைத்துப் பார்க்க வேண்டும். நாவலின் சில பக்கங்கள் முன்பின் துண்டிக்கப்பட்டு, நகலெடுக்கப்பட்டு, கைக்குக் கை சென்றன. சினம் கொண்டோரில் பலர் அந்த நகலையன்றி நூலைக் கண்டவரல்லர். அறிவிப்போ நகல் பெற்றவரை வாசகராக ஏற்கவே இல்லை. வாங்கியவரை மட்டுமே விளிக்கிறது. எரிக்கும் உரிமையும் அவருக்கே தரப்படுகிறது. அதுவரை ஆசிரியருக்கு விதிக்கப்பட்ட தண்டனையாக இருந்த எரிப்பு, தம் கைப்பொருளை என்ன செய்வதென்று வாங்கியவர் முடிவு செய்யும் உரிமையாகச் சுருக்கப்படுகிறது. பிரதியின் மீது வாசகருக்கு எல்லா உரிமையும் உண்டு, அதை எழுதியவரின் வாழ்வின் மீது எந்த உரிமையும் இல்லை என்னும் கோடு இவ்விடத்தில்தான் விழுகிறது. வாசகரை வாங்குபவராகக் குறுக்குவது நூலகத்தில் படித்தவரை வெளியே நிறுத்திவிடும் என்பது ஏற்கத்தக்க குறையே. எனினும் முற்றுகைக்குள் எழுதப்பட்ட ஒரு பக்கத்திடம் நிறைவான வாசகர் கோட்பாட்டை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அறிவிப்பு முழுவதும் கசப்பின் அங்கதம், எனவே சொற்களை நேர்ப்பொருளில் கொள்ளலாகாது என்னும் மறுப்பு நீண்ட விடை வேண்டுவதன்று: தொகை தருவதாகப் பொதுவில் எழுதிக் கையொப்பமிட்டவர் அச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். பின்னாளில் அவர் எழுதத் திரும்பினார் என்பதும் அறிவிப்பின் அன்றைய பொருளை மாற்றாது.

இத்தகைய ஆவணம் இணையத்தில் தோன்றியது தற்செயலன்று. 1960களில் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையும் வாசகரிடையே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வெதிர்ப்பு கடிதங்களாக இதழ் அலுவலகத்தை அடைந்தது. ஆசிரியர் குழு என்னும் இடைக்கதவு எழுத்தாளருக்குக் கால இடைவெளி தந்தது. கதையின் முடிவு வேறாக இருந்தால் என்ன ஆகும் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் எழுதிப் பார்க்க ஜெயகாந்தனால் முடிந்தது. வாசகருக்கான விடை புனைவுக்குள்ளேயே அமைந்தது. முகநூலில் அந்த இடைக்கதவு இல்லை. எழுத்தாளரின் பக்கமே நூல் அறிமுக மேடையாகவும், நண்பர் திண்ணையாகவும், வசைபாடுவோர் நுழையும் வாசலாகவும் ஒருங்கே இருக்கிறது. யாரும் வகுத்துத் தராத எல்லையை எழுத்தாளர் தாமே வகுக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை தம் எழுத்து முழுவதும்.

2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அந்த ஜனவரிப் பேச்சுவார்த்தையின் உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைப் படிக்காமல் விடும் சுதந்திரம் வாசகருக்கு உண்டு என்பதையும், எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுத வேண்டும் என்னும் விழைவையும் தீர்ப்பு பதிவு செய்தது. இத்தீர்ப்பு போற்றத்தக்கது. ஆயினும் இறப்பு, உயிர்ப்பு என்னும் உருவகத்தை அது அப்படியே ஏற்றுக்கொண்டதால், இரங்கற்குறிப்பு வாசிப்புக்குச் சட்டத்தின் முத்திரையும் கிடைத்துவிட்டது. இறந்தவரை எழுப்பினால் போதும் என்றாகிவிட்டபின், பெ. முருகன் என்னும் மனிதரை விட்டுவிடுமாறு கேட்ட வேண்டுகோள் என்ன ஆயிற்று என்று கேட்பாரில்லை.

தீர்ப்புக்குப்பின் வந்த எழுத்து அக்கேள்வியை உயிரோடு வைத்திருக்கிறது. ‘கோழையின் பாடல்கள்’ தொகுப்பு வெளியானபோது, தமக்குள் ஒரு தணிக்கையாளர் குடியேறிவிட்டதாக ஆசிரியர் வெளிப்படையாகச் சொன்னார். 2016இல் வெளிவந்த ‘பூனாச்சி’யின் முன்னுரை, மனிதரைப் பற்றி எழுதவும் கடவுளரைப் பற்றி எழுதவும் உள்ள அச்சத்தைக் கூறி, விலங்குகளிலும் எவை எழுதத் தகாதவை என்று எண்ணிப் பார்த்து, இறுதியில் வெள்ளாட்டைத் தேர்ந்துகொள்கிறது. 2015இல் மனிதருக்கும் நூலுக்கும் இடையே இடப்பட்ட கோடு, 2016இல் நூலுக்குள்ளேயே, எழுதத்தக்க பொருளுக்கும் தகாததற்கும் இடையே நகர்ந்திருப்பதை இம்முன்னுரை காட்டுகிறது. பிரதிகள் கடைகளுக்குத் திரும்பின. கோட்டை நகர்த்தியவர்கள் அதைப் பழைய இடத்தில் வைக்கவில்லை.