சாகாமை

உடலோ, உயிரோ, புகழோ அழியாமல் நிலைபெறும் என்னும் கருத்து. இறவாமை, அமரத்துவம் எனவும் வழங்கும். கிறித்தவர்கள் நித்திய ஜீவன், நிலைவாழ்வு என்பர்.

அமரர், அமிர்தம் ஆகிய இரண்டும் சாவைக் குறிக்கும் வடமொழி வேரோடு எதிர்மறை 'அ' சேர்ந்து பிறந்த சொற்கள். கிரேக்கத் தேவர்களின் உணவான அம்புரோசியாவும் இவற்றுக்கு உறவே. சங்க நூல்களின் அமிழ்தம் இதன் தமிழ் வடிவம். 'அமிழ்' என்னும் வினையிலிருந்து வந்ததென்பது பிற்காலத்தார் கற்பித்த விளக்கம். தேவரைச் சுட்டிய 'அமரர்' இன்று இறந்தவர் பெயருக்கு முன்னால் நிற்கிறது. சடலம் ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் அமரர் ஊர்தி என்றே பெயர்.

பழந்தமிழர் சாகாமையை உடலில் தேடவில்லை, புகழில் தேடினர். நிலையாத உலகில் நிலைக்க விரும்பியோர் புகழை நிறுத்திவிட்டு மாய்ந்தனர் என்று இளங்குமணனிடம் சொல்கிறார் பெருந்தலைச் சாத்தனார் (புறம் 165). ஆயுள் நீட்டும் கனியும் அன்று அறியப்படாததன்று. எளிதில் ஏறமுடியாத மலைப்பிளவில் பறித்த நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். நீலகண்டனைப் போல் நீ நிலைபெறுக என்று அவர் வாழ்த்தினார் (புறம் 91). அவனோ மார்பில் வேல் பாய்ந்து இறந்தான். மயிற்பீலி சூட்டிய அவன் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் கள் படைத்ததையும் ஔவையே பாடியிருக்கிறார் (புறம் 232). பின்னாளில் புகழுடம்பு என்று உரையாசிரியர்கள் சொன்னது, மாய்ந்த பின்னும் நிற்கும் இத்தகைய புகழைத்தான்.

உடலோடு சாகாமை புராணங்களின் வழியே பரவியது. அசுவத்தாமன், மாவலி, வியாசர், அனுமன், வீடணன், கிருபர், பரசுராமர் ஆகிய எழுவர் சிரஞ்சீவிகள். பதினாறு வயதோடு நின்ற மார்க்கண்டேயனின் தலமான திருக்கடையூரில் இறைவன் பெயர் அமிர்தகடேசுவரர். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பது நிறைந்தோரின் சதாபிஷேகத்துக்கும் குடும்பங்கள் அங்கே திரளுகின்றன.

சித்தர்கள் காயகற்பத்தாலும் மூச்சுப் பயிற்சியாலும் உடலை நிறுத்த முயன்றனர். ஆண்டுக்கு ஒரு பாட்டாக 3000 ஆண்டுகள் இருந்து திருமூலர் திருமந்திரம் பாடினார் என்பது மரபு. மரணமிலாப் பெருவாழ்வு என்ற தொடரை நிலைநாட்டியவர் வள்ளலார் (பிறப்பு 1823). 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். பிறகு அவரை எவரும் காணவில்லை. தைப்பூசத்துக்கு இரண்டாம் நாள் அங்கே திருவறை தரிசனம் நடைபெறுகிறது.

தற்கால அறிவியல் உயிரணு அளவில் சாகாமையை ஆராய்கிறது. 1951-இல் ஹென்றியட்டா லாக்ஸ் என்ற புற்றுநோயாளியின் உடலிலிருந்து எடுத்த புற்றணுக்கள் ஆய்வகங்களில் இன்றும் பெருகுகின்றன. அவர் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார்.