டிராக்டர் முன் ஏற்றியின் ஹைட்ராலிக் அமைப்பு

டிராக்டரின் முன்புறத்தில் பொருத்தப்படும், சுமை தூக்கும் கைகளைக் கொண்ட அமைப்பு முன் ஏற்றி அல்லது லோடர் எனப்படுகின்றது. மண், எரு, தீவனம், வைக்கோல் உருளைகள் போன்றவற்றை அள்ளுவதற்கும் தூக்குவதற்கும் இது பயன்படுகின்றது. கைகளின் நுனியில் வாளி, கவ்வி, சுமைத்தட்டு முட்கரண்டி, குழி துளைப்பான், சுழல் துடைப்பான் முதலிய கருவிகளை மாற்றிப் பொருத்தலாம். ஏற்றியின் கைகளும், அசையும் உறுப்புகளைக் கொண்ட இணைப்புக் கருவிகளும் டிராக்டரின் எஞ்சினால் சுழற்றப்படும் பம்பிலிருந்து அழுத்தத்துடன் வரும் எண்ணெயைக் கொண்டு இயங்குகின்றன. இவ்வாறு நீர்மத்தின் அழுத்தத்தால் ஆற்றலைக் கடத்தும் முறை ஹைட்ராலிக் முறை ஆகும்.

வரலாறு

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் கடத்தப்படும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிலேசு பாஸ்கல் கண்டறிந்த விதியாகும். இவ்விதியைப் பயன்படுத்தி இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795 ஆம் ஆண்டில் ஹைட்ராலிக் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார்.

டிராக்டர்களில் இம்முறை பரவுவதற்கு அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு முக்கிய காரணமாக அமைந்தது. 1939 ஆம் ஆண்டில் வெளிவந்த போர்டு 9என் டிராக்டரில் இவ்விணைப்பு ஹைட்ராலிக் தூக்கியுடன் இடம்பெற்றது. தொடக்ககால ஏற்றிகள் பலவற்றில் கைகளைத் தூக்குவதற்குக் கம்பிவடம் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவ்விடத்தை ஹைட்ராலிக் உருளைகள் பிடித்துக்கொண்டன. இங்கிலாந்தில் 1945 ஆம் ஆண்டில் ஜோசப் சிரில் பாம்போர்டு தொடங்கிய நிறுவனம், 1940களின் இறுதியில் டிராக்டருக்கான ஹைட்ராலிக் ஏற்றியைத் தயாரித்தது. அவர் பெயரின் முதலெழுத்துகளான ஜேசிபி என்பதே தமிழ்நாட்டில் மண் தோண்டும் இயந்திரத்தின் பொதுப்பெயராக வழங்கி வருகின்றது.

அடிப்படை உறுப்புகள்

* பம்பு: எஞ்சினால் சுழற்றப்பட்டு எண்ணெயைத் தள்ளுகின்றது. சிறிய டிராக்டர்களில் பெரும்பாலும் பற்சக்கரப் பம்பு இருக்கும். எஞ்சினின் வேகம் கூடினால் எண்ணெய்ப் பாய்வும் கூடும்.
* கட்டுப்பாட்டு வால்வு: ஓட்டுநர் நெம்புகோலை அசைக்கும்போது எண்ணெயை உரிய உருளைக்குத் திருப்புகின்றது.
* உருளைகள்: கைகளைத் தூக்க இரண்டும், வாளியைச் சாய்க்க ஒன்று அல்லது இரண்டும் இருக்கும்.
* அழுத்தத் தணிப்பு வால்வு: குறித்த அளவுக்கு மேல் அழுத்தம் ஏறும்போது எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகின்றது.
* தொட்டியும் வடிகட்டியும்: பல டிராக்டர்களில் பற்சக்கரப் பெட்டியே எண்ணெய்த் தொட்டியாகவும் அமைகின்றது.

அழுத்தமும் பாய்வும்

ஹைட்ராலிக் அமைப்பின் விசையை அழுத்தமும், வேகத்தைப் பாய்வும் முடிவு செய்கின்றன. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால், பொருந்தாத கருவியை வாங்கிவிடும் நிலை ஏற்படுகின்றது.

60 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உருளையின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர சென்டிமீட்டர் ஆகும். 180 பார் அழுத்தத்தில் அது ஏறத்தாழ 51 கிலோநியூட்டன் விசையைத் தரும். இத்தகைய இரண்டு உருளைகள் 50 சென்டிமீட்டர் நீள்வதற்கு ஏறத்தாழ 2.8 லிட்டர் எண்ணெய் தேவை. பம்பு நிமிடத்திற்கு 30 லிட்டர் தந்தால் இதற்கு 6 வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். பாய்வு பாதியானால் நேரம் இரட்டிப்பாகும். ஆனால் தூக்கும் விசை மாறாது.

கிடைக்கும் திறனைக் கிலோவாட்டில் அறிய, பாரில் உள்ள அழுத்தத்தை நிமிடத்திற்கான லிட்டர் அளவால் பெருக்கி 600 ஆல் வகுக்க வேண்டும். 200 பார், 60 லிட்டர் எனில் திறன் 20 கிலோவாட் ஆகும். நடைமுறையில் இழப்புகளால் இது சற்றுக் குறையும்.

திறந்த மையமும் மூடிய மையமும்

திறந்த மைய அமைப்பில் நெம்புகோல் நடுநிலையில் இருக்கும்போது எண்ணெய் வால்வின் வழியாகத் தடையின்றிச் சென்று தொட்டியை அடையும். மூடிய மைய அமைப்பில் நடுநிலையில் வழி அடைபட்டிருக்கும். தேவைக்கேற்பப் பாய்வை மாற்றும் பம்பு தானாகவே தன் வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும். 1960 ஆம் ஆண்டில் அறிமுகமான ஜான் டீர் 4010 மூடிய மைய அமைப்பைக் கொண்டிருந்தது. சுமையின் அளவை உணர்ந்து பம்பைக் கட்டுப்படுத்தும் சுமையுணர் அமைப்பு இதன் வளர்ச்சியாகும்.

ஓர் அமைப்புக்கு உரிய வால்வை மற்றதில் பொருத்தக் கூடாது. திறந்த மைய அமைப்பில் மூடிய வால்வைப் பொருத்தினால் எண்ணெய் செல்ல வழியின்றி எப்போதும் தணிப்பு வால்வின் வழியே பாய்ந்து விரைவில் கொதிப்படையும். மூடிய மைய அமைப்பில் திறந்த வால்வைப் பொருத்தினால் பம்பு ஓய்வின்றி முழுப் பாய்வைத் தந்துகொண்டிருக்கும்.

திறந்த மைய டிராக்டரில் ஏற்றியின் வால்வும் பின்புறத் தூக்கியும் ஒன்றன் பின் ஒன்றாகவே எண்ணெய் பெறுகின்றன. இதற்கு ஏற்றி வால்வில் மூன்று வழிகள் தேவை: பம்பிலிருந்து வரும் வழி, அடுத்த வால்வுக்கு அழுத்தத்துடன் செல்லும் வழி, தொட்டிக்குத் திரும்பும் வழி. திரும்பும் வழியை அடுத்த வால்வுடன் இணைப்பது ஆபத்தான தவறு. அப்பகுதி முழு அழுத்தத்தைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்படாததால் வால்வின் உடல் வெடிக்கக்கூடும்.

மூன்றாம் செயற்பாடு

தூக்குதல், சாய்த்தல் ஆகிய இரண்டுமே ஏற்றியின் இயல்பான செயற்பாடுகள். இவற்றுக்கு நான்கு குழாய்கள் போதும். கவ்வி, திறந்து மூடும் வாளி போன்றவற்றுக்கு மேலும் ஓர் எண்ணெய்ச் சுற்று தேவைப்படுகின்றது. இது மூன்றாம் செயற்பாடு எனப்படும். இதனைப் பெறப் பின்வரும் முறைகள் உள்ளன:

* பின்புற இணைப்பிலிருந்து குழாய்களை முன்னே கொண்டுவருதல்: செலவு குறைவு. எனினும் ஓட்டுநர் வேறொரு நெம்புகோலையும் இயக்க வேண்டும்.
* திசைமாற்றி வால்வு: சாய்க்கும் சுற்றின் எண்ணெயை, பொத்தானை அழுத்தும்போது மின்காந்தத்தால் கவ்விக்குத் திருப்புகின்றது. ஏற்றியின் கைகளின் மீது கூடுதலாக நீண்ட குழாய்கள் தேவையில்லை. ஆனால் சாய்த்தலையும் கவ்வுதலையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது.
* தனி மின்காந்த வால்வு: பம்புக்கும் ஏற்றி வால்வுக்கும் இடையில் பொருத்தப்படுகின்றது. கவ்விக்குத் தனிச் சுற்றே கிடைக்கும், செலவு கூடுதல்.
* மூன்று பிரிவுள்ள கட்டுப்பாட்டு வால்வு: பாய்வை நுட்பமாகக் கட்டுப்படுத்த இது ஏற்றது.

சுழலும் கருவிகள்

குழி துளைப்பான், துடைப்பான், பனி அகற்றி போன்றவற்றை ஹைட்ராலிக் மோட்டார் சுழற்றுகின்றது. கவ்விக்குச் சிறிது எண்ணெய் சில வினாடிகள் போதும். மோட்டாருக்கோ இடைவிடாத பாய்வு வேண்டும். ஒரு சுற்றுக்கு 250 கன சென்டிமீட்டர் எண்ணெய் கொள்ளும் மோட்டார், நிமிடத்திற்கு 50 லிட்டர் பாய்வில் 200 முறை சுழலும். 20 லிட்டர் மட்டுமே தரும் சிறிய டிராக்டரில் அது 80 முறையே சுழலும். அதிகப் பாய்வு கொண்ட சிறு ஏற்றி இயந்திரங்களுக்காகத் தயாரிக்கப்பட்ட கருவிகள் சிறிய டிராக்டர்களில் மந்தமாக இயங்குவதற்கு இதுவே காரணம்.

மோட்டாரிலிருந்து திரும்பும் எண்ணெய் அகன்ற குழாய் வழியாக, குறைந்த எதிரழுத்தத்துடன் தொட்டியை அடைய வேண்டும். சில மோட்டார்களுக்கு உட்கசிவு எண்ணெயை வெளியேற்றத் தனிக் குழாயும் தேவை. இல்லையெனில் தண்டின் அடைப்பு வளையம் பிதுங்கிவிடும். வேகமாகச் சுழலும் மோட்டாரைத் திடீரென அடைத்தால் அழுத்தம் எகிறும். ஆகவே எண்ணெய் இருபுறமும் தடையின்றிப் பாயும் மிதவை நிலையில் வைத்து நிறுத்துவது முறையாகும்.

குழாய் இணைப்பிகள்

வேளாண் இயந்திரங்களின் விரைவு இணைப்பிகளுக்கு ஐஎஸ்ஓ 5675 என்ற தரநிர்ணயமும், தட்டை முக இணைப்பிகளுக்கு ஐஎஸ்ஓ 16028 என்ற தரநிர்ணயமும் உள்ளன. தட்டை முக இணைப்பிகளில் எண்ணெய்ச் சிதறலும் தூசி புகுதலும் குறைவு. கழற்றி வைத்த கருவி வெயிலில் சூடேறினால் உள்ளிருக்கும் எண்ணெய் விரிந்து அழுத்தம் கூடுவதால், இணைப்பியை மீண்டும் பொருத்துவது கடினமாகும். கழற்றும் முன்பே அழுத்தத்தை வெளியேற்றுவது இதனைத் தவிர்க்கும்.

பாதுகாப்பு

உயர் அழுத்தக் குழாயின் ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லக்கூடியது. காயம் சிறு புள்ளியாகவே தோன்றும். வலியும் தொடக்கத்தில் குறைவாக இருக்கலாம். ஆனால் உடனடி அறுவை மருத்துவம் கிடைக்காவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். எனவே கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அட்டைத் துண்டைப் பயன்படுத்த வேண்டும்.

குழாய்களைக் கழற்றுவதற்கு முன் கைகளைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோல்களை அசைத்து எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். உயர்த்திய கைகளின் கீழ் எவரும் நிற்கக் கூடாது. குழாய் வெடித்தாலும் கவ்வி திறந்துவிடாமல் காக்க, உருளையில் பூட்டு வால்வு பொருத்தப்படுகின்றது. ஹைட்ராலிக் விசை போதுமானதாக இருந்தாலும் சுமை முன்னே இருப்பதால் பின்சக்கரங்கள் எழும்பக்கூடும். இதற்கு டிராக்டரின் பின்புறத்தில் எதிர்ச்சுமை தேவை.

பராமரிப்பு

எண்ணெயில் தூசி கலந்தால் பம்பும் வால்வுகளும் தேய்கின்றன. ஒரே கருவியைப் பல டிராக்டர்களில் மாற்றிப் பொருத்தும்போது ஒன்றின் அழுக்கு எண்ணெய் மற்றொன்றுக்குள் செல்லும். எண்ணெய் பால் நிறமாக மாறியிருப்பின் நீர் கலந்துள்ளது என அறியலாம். பம்பில் இரைச்சல் கேட்பது, எண்ணெய்க் குறைவு அல்லது அடைபட்ட வடிகட்டியின் அறிகுறியாக இருக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* பாஸ்கலின் விதி
* மூன்று புள்ளி இணைப்பு
* பற்சக்கரப் பம்பு