பச்சை மண்ணும் சென்மப் பாவமும்



இவ்வாண்டு நினைவுரைக்கு நாம் எடுத்துக்கொண்டது ஒரு பழைய கேள்வி: பிறந்த குழந்தையின் மேல் பாவம் உண்டா? குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துச் சேரிகளில் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஏழுமலையாகவும் தம்பி ஏசுதாசாகவும் இருப்பது புதுமையல்ல. ஒருவர் பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறார். இன்னொருவர் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிச் செல்கிறார். அந்தப் பச்சை மண்ணைப் பற்றி வேதியர் ஒன்று சொன்னார், பாதிரியார் ஒன்று சொன்னார், 1950 முதல் அரசும் ஒன்று சொல்கிறது. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

1. ஆப்பிரிக்காவில் நடந்த வழக்கு

பிறக்கும்போதே மனிதன் பாவத்தோடு பிறக்கிறான் என்ற கோட்பாட்டுக்கு உறுதியான வடிவம் கொடுத்தவர் அகஸ்டின் (354-430). இன்றைய அல்ஜீரியாவில் பிறந்து ஹிப்போ நகரின் ஆயராக இருந்தவர். ஆதாம் செய்த பாவம் பிறப்பின் வழியாகவே எல்லாருக்கும் இறங்குகிறது என்றார். பால்குடிக்கும் சிசு கூட, அதே மார்பில் பால்குடிக்கும் இன்னொரு சிசுவைப் பொறாமையோடு பார்ப்பதைத் தாம் கண்டதாக எழுதினார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக லேசான தண்டனை என்பது அவர் முடிவு.

பிரிட்டனிலிருந்து வந்த பெலாஜியஸ் என்ற துறவி இதை மறுத்தார். ஆதாமின் பாவம் பிறப்பால் வருவதில்லை, அவனைப் பார்த்து மற்றவர்கள் செய்வதால் பரவுகிறது என்றார். கைக்குழந்தையைத் தண்டிக்கும் கடவுள் எப்படி நீதியுள்ளவர் ஆவார் என்று இத்தாலிய ஆயர் ஜூலியன் அகஸ்டினிடம் வாதாடினார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸ் தரப்பைக் கண்டித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. ரோமர் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் எல்லாரும் பாவம் செய்தபடியால் சாவு பரவியது என்ற பொருளில் வரும் கிரேக்கத் தொடரை, ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று படிக்க லத்தீன் இடம் கொடுத்தது. அகஸ்டின் அப்படித்தான் படித்தார். கிரேக்கத்தில் படித்த கிழக்குத் திருச்சபைகளோ, ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவுதான், குற்றம் அல்ல என்ற நிலையில் நின்றன.

மேற்கில் அகஸ்டின் வென்றதால் தாய்மார்கள் பட்ட துயரம் கொஞ்சமல்ல. ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கு மந்திரித்த கல்லறை நிலத்தில் இடம் கிடையாது. இடைக்கால இறையியலாளர்கள் இரக்கப்பட்டு, வேதனையும் இல்லாத, கடவுளைக் காணவும் முடியாத லிம்போ என்ற இடத்தை அந்தக் குழந்தைகளுக்கு ஒதுக்கினார்கள். இந்தக் கடுமையிலிருந்தே ஒரு விதிவிலக்கும் பிறந்தது. சாகும் நிலையிலுள்ள சிசுவுக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவரும் கொடுக்கலாம் என்று 1439இல் ஃபிளாரன்ஸ் சங்கம் அறிவித்தது. நம் ஊரில் பிள்ளையை முதலில் கையில் ஏந்துகிறவர் மருத்துவச்சி. கொடி அறுத்த பிறகு அவர் கை தீட்டு என்று ஒதுக்கப்படும். சட்டப்படி பார்த்தால் அந்தக் கையிலிருந்து விழும் தண்ணீரும் போப்பின் கையிலிருந்து விழும் தண்ணீரும் ஒன்றே. இதை நாம் மறக்கக் கூடாது.

2. சென்மம் என்ற சொல்

இந்தக் கோட்பாடு தமிழுக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த பெயர் சென்மப் பாவம். அந்தச் சொல்லைச் சேரி ஏற்கெனவே கேட்டிருந்தது. முன் சென்மத்தில் செய்த பாவத்தால்தான் இந்தச் சென்மத்தில் சேரியில் பிறந்தாய் என்று பண்ணையார் வாசலில் சொல்லப்பட்ட சொல் அது. இதன் மூலம் மிகப் பழையது. கெட்ட நடத்தை உடையவர்கள் நாயின் வயிற்றிலோ பன்றியின் வயிற்றிலோ சண்டாளியின் வயிற்றிலோ பிறப்பார்கள் என்ற கருத்தைச் சாந்தோக்கிய உபநிடதம் வைத்திருக்கிறது. அதன்படி நம் குழந்தைக்கு விசாரணை தேவையில்லை. அது பிறந்த தெருவே அதன் குற்றத்துக்குச் சாட்சி.

இரண்டு கோட்பாடுகளும் பச்சைக் குழந்தையின் மேல் குற்றம் சுமத்துகின்றன. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. கருமவினை குழந்தைக்குக் குழந்தை கணக்கு வேறுபடுத்துகிறது. அக்கிரகாரத்தில் பிறந்தது புண்ணியம், சேரியில் பிறந்தது பாவம். ஆதிபாவமோ எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறது. அரசன் பிள்ளைக்கும் தோட்டி பிள்ளைக்கும் ஒரே குற்றம், ஒரே தண்ணீர், ஒரே மன்னிப்பு. கடுமையான கோட்பாடுதான், ஆனால் அந்தக் கடுமைக்குள் ஒரு சமத்துவம் இருந்தது. நம் முன்னோரில் பலரை அந்தத் தொட்டியருகே அழைத்துச் சென்றவற்றில் இதுவும் ஒன்று என்பது எங்கள் கருத்து.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தே நோபிலி, தமிழர் சொன்ன தத்துவ போதகர், மறுபிறப்பை மறுப்பதற்கென்றே தமிழில் ஒரு நூல் எழுதினார். பிறந்த குழந்தைக்கு முன் சென்மம் என்பதே இல்லை என்ற அந்த வாதம், எழுதியவர் அறிந்தாரோ இல்லையோ, சேரியை விடுவிக்கும் வாதம். அவரோ பூணூல் அணிந்த மேல்சாதிச் சந்நியாசியாக வாழ்ந்து, பறையரிடமிருந்து விலகி நின்றார். நூலில் சாய்ந்த தூண் நடைமுறையில் நிமிர்ந்தே நின்றது.

3. எச்சிலும் சேரியும்

அந்த நடைமுறை ஒரு நூற்றாண்டில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 1704 ஜூனில் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஞானஸ்நானச் சடங்கில் எச்சில், உப்பு, மூச்சு ஊதுதல் ஆகியவற்றை விடக் கூடாது, குழந்தைகளின் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக் கூடாது, நோயுற்ற பறையரை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. ஓர் ஆணை எதைத் தடுக்கிறதோ அதுதான் அன்று நடந்துகொண்டிருந்தது. குருவானவர் தம் எச்சிலால் குழந்தையின் காதையும் மூக்கையும் தொடும் பழைய வழக்கத்தைச் சாதிக் கிறிஸ்தவர்கள் அருவருத்தார்கள், குருக்களும் அதைக் கைவிட்டார்கள். சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் நுழைந்தால் தம் மதிப்புப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

வழக்கு ரோமாபுரிக்கும் இங்குமாக 40 ஆண்டு இழுத்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட இறுதி ஆணை, பறையருக்கென்று தனிக் குருக்களை வைக்கும் ஏற்பாட்டை ஏற்றது. நோயாளியின் வீட்டுக்குள் குரு வர வேண்டும் என்று கேட்டதற்கு, உனக்கு வேறு குரு தருகிறோம் என்று பதில் வந்தது. எல்லாரும் ஒரே பாவத்தில் பிறந்தவர்கள் என்று கற்பித்த சபை, அந்தப் பாவத்தைக் கழுவுகிற கையை இரண்டாகப் பிரித்தது. பின்னாளில் கோயிலுக்குள் தனி இருக்கை, கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதி என்று அது வளர்ந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் நாடறிந்தது.

4. நம் பக்கம் வந்தவர்கள்

சீர்திருத்தச் சபைகளிலும் இதே போராட்டம் நடந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. லீப்சிக் லுத்தரன்கள் அதில் சேரவில்லை.

நம் பகுதிக்கு வந்தவை இரண்டு. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆற்காடு மிஷன், அமெரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஆம்பூரில் வேரூன்றியது மிசௌரி லுத்தரன் மிஷன். முன்னதன் கையில் 1563ஆம் ஆண்டு ஹைடல்பர்க் வினாவிடை, பின்னதன் கையில் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. இரண்டுமே பிறவிப் பாவத்தை அழுத்திச் சொல்பவை, இரண்டுமே குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பவை. சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்பது ஆற்காடு மிஷனின் கொள்கை. அந்தச் சபைகளில் சேர்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள்.

சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டால் மயிர் கழன்றுவிடும் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தொட்டித் தண்ணீரில் சாதி அப்படிக் கழன்றதா? பள்ளிக்கூடம் கிடைத்தது, வேலூரிலும் ஆம்பூரிலும் மருத்துவமனை கிடைத்தது, படித்த தலைமுறை ஒன்று உருவானது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் தோல் ஷாப்பின் ஊறல் தொட்டிக்குள் இறங்கிய கால்கள் ஏழுமலையுடையவை என்றும் ஏசுதாசுடையவை என்றும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஊருக்கு இருவரும் சேரிக்காரர்கள்.

5. அரசு நம்பிய தண்ணீர்

தண்ணீரின் சக்தியை முழுதாக நம்பிய ஒருவர் உண்டென்றால் அது இந்திய அரசு. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அவர் சாதியின் பெயரால் அடிபட்டால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணைவராது. 2011 தேர்தல் முதல் குடியாத்தம் தனித்தொகுதி. இங்கே ஏசுதாஸ் வாக்களிக்கலாம், வேட்பாளராக நிற்க முடியாது.

தோல் தொழிலோடு தொடர்புடைய ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவருக்கு, தொழிலாளருக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. காரணம் அவர் கிறிஸ்தவர். கிறிஸ்தவத்துக்குள்ளும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. 2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. புதுச்சேரிப் பெண் ஒருவர், தாம் இந்து என்றும் பட்டியல் சாதியினர் என்றும் சொல்லிச் சான்றிதழ் கேட்டார். அவருக்கு எதிராக எடுத்துவைக்கப்பட்ட ஆதாரங்களில் ஒன்று, பிறந்த சில வாரங்களில் அவருக்குக் கொடுத்த ஞானஸ்நானம். நீதிமன்றம் சான்றிதழை மறுத்தது. கழுத்து நிற்காத பருவத்தில் தலையில் விழுந்த தண்ணீர், 30 வயது கடந்தபின் கணக்கில் எடுக்கப்பட்டது.

2007 ஏப்ரலில் வத்திக்கானின் இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என்று அறிவித்தது. அடுத்த மாதமே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும், 3ஆம் பத்தியை நீக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு ரோமாபுரி நம்பிக்கை தந்துவிட்டது. ஞானஸ்நானம் பெற்ற தலித் குழந்தைக்கு டெல்லி தரவில்லை. மறுபடி ஆராய 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

6. பார்த்துப் படிக்கும் பாவம்

1916இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஒரு வகுப்பு தன்னை அடைத்துக்கொண்டது, மற்றவை அதைப் பார்த்துத் தாமும் அடைத்துக்கொண்டன என்பது அவர் விளக்கங்களில் முக்கியமானது. சாதி பரவிய வழி பார்த்துச் செய்தல். பெலாஜியஸ் 1500 ஆண்டுக்கு முன் பாவத்தைப் பற்றிச் சொன்னதும் அதுவே. பார்த்துச் செய்வதற்குக் கண் திறக்க வேண்டும், ஆள் இனம் தெரிய வேண்டும். ஆகவே பிறந்த குழந்தை சாதி இல்லாதது, குற்றமும் இல்லாதது. இதில் நாம் பெலாஜியஸ் பக்கம்.

அகஸ்டின் சொன்னதிலும் நமக்கு வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. எதையும் தேர்ந்தெடுக்கும் முன்னரே குழந்தையின் மேல் பழைய சுமை வந்து விழுகிறது என்று அவர் கண்டார். அது நம் அனுபவம். ஆனால் சுமையை வைத்தவர் யார் என்று கேட்க வேண்டும். கடன் வாங்கியது ஊர், கணக்கு எழுதியது ஊர், வட்டி கட்டுவது மட்டும் சேரியின் பச்சை மண் என்றால், பாவம் பிறந்தவரிடம் இல்லை, பெற்றுக்கொண்டு அனுபவிக்கிறவரிடம் இருக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் இல்லை என்றே இயேசு விடை சொன்னதாக யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் பாதிரிமார்கள் சேரிச் சபைகளில் ஆதாமைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த அதிகாரத்தையும் பேச வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் நேரானவை. ஒரே தண்ணீர் என்று கற்பிக்கும் சபைகள் கல்லறைச் சுவர்களை இடிக்கட்டும். 1950 ஆணையின் 3ஆம் பத்தி நீக்கப்படட்டும். இனி இந்த ஊரில் பிறக்கப்போகும் ஏழுமலையின் பிள்ளைக்கும் ஏசுதாசின் பிள்ளைக்கும் ஒரே சான்றிதழ் கிடைக்கட்டும். இரண்டு பிள்ளைகளுமே எந்தப் பாவமும் செய்யவில்லை.

ஜெய்பீம்.