திண்ணையில் ஒரு மேல்முறையீடு

பங்குனி பிறந்தால் போதும், காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரே வழக்குதான்: கம்பன் விழாவில் கேட்ட பட்டிமண்டபங்களில் எது உசத்தி?

அப்பா வாலி கட்சி. இராமன் மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்று வாதாடிய அந்த ராத்திரி மாதிரி இனி வராது என்பார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் வாலியை வைத்தே ‘மூன்று வினாக்கள்’ என்று ஒரு நூல் எழுதினாரே, அதைச் சாட்சிக்கு இழுப்பார். பெரியப்பா மசியமாட்டார். செஞ்சோற்றுக்கடன் தீர்த்த கும்பகர்ணனா, அறத்தின் பக்கம் போன வீடணனா என்று பிரித்து மேய்ந்ததுதான் அவருக்குப் பெரிது. அது எந்த வருஷம், நடுவர் யார் என்பதில்கூட இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. காபி ஆறி ஆடை கட்டிவிடும்.

பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே உண்டு. கம்பனுக்காக அதை மேடையேற்றியவர் ‘கம்பன் அடிப்பொடி’ சா. கணேசன், 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியவர். அவரிடம் நேரம் என்றால் நேரம்தான். இன்றைய மேடைக்காரர்கள் அந்த ஒன்றையாவது கற்றிருக்கலாம்.

நிறைவு நாள் நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதியில். அந்த மண்ணைக் குழந்தை நாக்கில் வைத்தால் தமிழ் வரும் என்பார்கள். எனக்கும் வைத்தார்களாம், தமிழ் வந்ததோ என்னவோ, வாதம் வந்தது.

பெரியப்பா போய் ஆறு வருஷமாகிறது. இப்போது கும்பகர்ணனுக்கும் சேர்த்து அப்பாவே பேசுகிறார்.